பிரெஞ்சு தெரியாதவர்கள் முன்வரிசைக்கு வரவும்

ரொறன்ரோவில் ஒரு பிரெஞ்சு இமர்ஷன் உயர்நிலைப் பள்ளியைப் புதுக் குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்தும் பொறுப்பு யாரிடம் இருக்கவேண்டும்? பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவர்களிடம் என்று நினைப்பவர், பள்ளிப் பெற்றோர் சங்கம் எதிலும் இருந்ததில்லை என்று அர்த்தம். அந்தப் பொறுப்பு என்னைப் போன்றவர்களிடம்தான் வரும். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் பால் பெட்டியின் மறுபக்கத்தில் படித்தது. பால், உப்பு, சீனி, 'திறந்தபின் குளிரூட்டியில் வைக்கவும்'. இவ்வளவையும் வைத்து ஒரு சமையலறையை நடத்தலாம். ஒரு பள்ளிக்கூடத்தை விற்பது கொஞ்சம் கஷ்டம்.

விற்கத்தான் வேண்டியிருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கு விளம்பரம் தேவையில்லை, முகவரியே பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இமர்ஷன் கதை வேறு. பிரெஞ்சு பேசாத வீட்டுப் பிள்ளைகள் பாடங்களைப் பிரெஞ்சு வழியில் படிக்கும் திட்டம் அது. பாலர் வகுப்பு விண்ணப்பம் எப்போது திறக்கும் என்று கணினிக்கு முன்னால் காத்துக்கிடந்த அதே பெற்றோர், ஒன்பதாம் வகுப்பு வாசலுக்கு வந்ததும் "இவ்வளவு காலம் படிச்சது காணும்தானே" என்று பெருமூச்சு விடுவார்கள். பிள்ளைகள் அதற்கு முன்பே பெருமூச்சு விட்டிருப்பார்கள். விட்டுப்போனால் திரும்பி வருவது அநேகமாக நடக்காது. ஆகவே குளிர்கால மாலை ஒன்றில் எட்டாம் வகுப்புக் குடும்பங்களைக் கூப்பிட்டு, ஓபன் ஹவுஸ் வைத்து, பீட்சா கொடுத்து மனத்தை மாற்றப் பார்க்கிறோம்.

அதிபர் ஜிம்மில் வரவேற்புரையைப் பிரெஞ்சில் தொடங்கினார். பெற்றோர் எல்லோரும் பக்தியோடு தலையாட்டினோம். விளங்காத பேச்சுக்குத் தலையாட்டும் பயிற்சி எங்கள் ஆட்களுக்குக் கோயில் மந்திரத்திலிருந்தே உண்டு. நடுவில் ஏதோ பகிடி விட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள், அரை நொடி கழித்துப் பெற்றோர் சிரித்தோம். நல்லவேளை, மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னார்.

பிறகு கூட்டம் என் மேசைக்கு வந்தது. 'பெற்றோரிடம் கேளுங்கள்' என்று எழுதி வைத்திருந்தார்கள். எதைக் கேட்கலாம் என்று எழுதவில்லை.

முதலில் வந்த அண்ணை நேரே விஷயத்துக்கு வந்தார். "பிரெஞ்சு படிச்சா கவுண்மேந்து வேலை சுவராமே?"

சில வேலைகளுக்கு இரண்டு மொழியும் தேவை, வாய்ப்புக் கூடும் என்றேன். மத்திய அரசில் இருமொழிப் பதவியில் இருப்பவர்களுக்குத் தனிப் படியும் உண்டு என்று தெரியாத்தனமாகச் சேர்த்துச் சொன்னேன்.

"எவ்வளவு?"

"வருசத்துக்கு எண்ணூறு டொலர்."

அண்ணை கைபேசியில் பன்னிரண்டால் வகுத்தார். அந்தத் தொகை 1977இல் நிர்ணயித்தது, இன்றுவரை ஏறவில்லை என்பதை நான் சொல்லவில்லை. சொல்லாமலே முகம் போதுமான அளவு வாடிவிட்டது. "வரி பிடிச்ச பிறகோ, முன்னமோ?" என்று கேட்டார். முன்பு என்றேன். பீட்சா மேசைப் பக்கம் போய்விட்டார்.

அடுத்தவருக்குக் கணக்கு விளங்கவில்லை. ஒன்ராறியோவில் பள்ளிப் படிப்பை முடிக்க முப்பது கிரெடிட் வேண்டும். இமர்ஷன் சான்றிதழுக்கு அதில் பத்து, பிரெஞ்சு வழியில் இருக்கவேண்டும். நான்கு பிரெஞ்சுப் பாடம், ஆறு வேறு பாடங்கள். சரித்திரம், புவியியல் இப்படி.

"அப்ப மிச்ச இருபது?"

"இங்கிலிஷ்."

"அப்ப இது இங்கிலிஷ் பள்ளிக்கூடம்தானே?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நல்லவேளையாகச் சுற்றிக்காட்டும் மாணவர்கள் வந்து அவரை அழைத்துப்போனார்கள். பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள், பள்ளியின் பெயர் போட்ட ரீசேர்ட், வாய் நிறையப் புன்னகை. இந்த மாகாணத்தில் நாற்பது மணித்தியாலம் சமூக சேவை செய்யாமல் டிப்ளோமா கிடையாது. ஆகவே அந்தப் புன்னகைக்கு யாரோ கையெழுத்துப் போடவேண்டும் என்பது பெற்றோருக்குத் தெரியவேண்டியதில்லை.

சுற்றிப் பார்த்துத் திரும்பிய அம்மா ஒருவர் முறைப்பாட்டோடு வந்தார். "கொரிடோரில எல்லாரும் இங்கிலிஷிலதானே கதைக்கினம்?"

அது இமர்ஷனின் ஊரறிந்த இரகசியம். வகுப்புக் கதவுக்கு உள்ளே பிரெஞ்சு, வெளியே ஆங்கிலம். ஆசிரியர்கள் "ஆன் ஃபிரான்ஸே, சில் வூ ப்ளே!" என்று கத்திக்கொண்டே நடப்பார்கள். நாங்கள் வீட்டில் "தமிழில கதை!" என்று கத்துகிற அதே சுருதி, அதே பலன். இதைச் சொன்னதும் அந்த அம்மாவுக்கு ஆசிரியர்கள்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

கொழும்பிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத தகப்பன் ஒருவர், மகளை இங்கேதான் சேர்ப்பேன் என்று நின்றார். பிள்ளை கெட்டிக்காரி, கோடை விடுமுறைக்குள் பிரெஞ்சு படித்துவிடுவாளாம். எட்டாம் வகுப்பு முடிவதற்குள் 3,800 மணித்தியாலம் பிரெஞ்சு வழியில் படித்திருக்கவேண்டும் என்பதுதான் இமர்ஷனுக்கு மாகாணம் வைத்திருக்கும் அளவு என்றேன். கோடை விடுமுறையில் இரவு பகல் தூங்காமல் படித்தாலும் அவ்வளவு நேரம் இல்லை என்று அவரே கணக்குப் பார்த்தார். "பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் எண்டு வேறயும் இருக்குதாமே, அது?" அது பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு 1982ஆம் ஆண்டு உரிமைச் சாசனம் கொடுத்த பள்ளி, வேறு சபை, வேறு வாசல். நாங்கள் வீட்டில் பிரெஞ்சு பேசாதவர்களுக்கான கடை.

கடைசியில் ஒரு தங்கச்சி தயங்கித் தயங்கி வந்தாள். உண்மையான கேள்வி அவளிடம்தான் இருந்தது.

"அக்கா, எனக்கும் அவருக்கும் ஒரு சொல் பிரெஞ்சு தெரியாது. ஹோம்வேர்க் ஆர் பாக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை. அதுதான் இதின்ர விசேசம்," என்றேன்.

அவளுக்கு நான் சொன்னது இது. இந்தத் திட்டத்தைக் கண்டுபிடித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் இல்லை, கல்வித் திணைக்களமும் இல்லை. மொன்றியலுக்கு அக்கரையில் இருக்கும் சென் லம்பேர் என்ற ஊரில் ஆங்கிலம் பேசும் பெற்றோர்கள். சுற்றிவரப் பிரெஞ்சு பேசும் கியூபெக்கில் இருந்துகொண்டு தங்கள் பிள்ளைகள் பள்ளியில் கற்ற பிரெஞ்சில் ஒரு பக்கத்து வீட்டுக்காரரோடுகூடக் கதைக்க முடியவில்லை என்று கொதித்தவர்கள். ஓல்கா மெலிகொஃப், மூரியல் பார்க்ஸ், வலரி நீல் என்ற மூன்று தாய்மார் முன்னால் நின்றார்கள். பள்ளிச் சபை மறுத்துப் பார்த்தது. 1965இல் வேறு வழியில்லாமல் ஒரு பாலர் வகுப்பைத் திறந்துவிட்டது.

ஆங்கிலம் கெட்டுவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். மெக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து வாலஸ் லம்பேர்ட் என்ற உளவியல் பேராசிரியர் வந்து (ஊருக்கும் அவருக்கும் பெயர் பொருந்தியது தற்செயல்) பிள்ளைகளை வருடக்கணக்காகச் சோதித்தார். ஆங்கில வாசிப்பு முதலில் பின்தங்கியது, ஆங்கிலப் பாடம் தொடங்கியதும் எட்டிப் பிடித்துவிட்டது. அந்த ஒரு வகுப்பிலிருந்துதான் நாடு முழுக்கப் பரவியது.

"ஆக, இதைத் தொடங்கினதே ஹோம்வேர்க் சொல்லிக்குடுக்கேலாத ஆக்கள். பெற்றோருக்குப் பிரெஞ்சு தெரியாது எண்டதை அத்திவாரமாப் போட்டுத்தான் இதைக் கட்டினது. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தாத்தான் சிக்கல்."

யோசித்துப் பார்த்தால் இது சின்ன வரம் இல்லை. எங்கள் வீடுகளில் கணக்குப் பாடம் என்றால் தகப்பன் பக்கத்தில் கதிரை போட்டு உட்காருவார். அரை மணித்தியாலத்தில் பிள்ளை அழும், ஒரு மணித்தியாலத்தில் தகப்பன் அழுவார், நடுவில் ஊரில் தான் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த கதை வரும். பிரெஞ்சில் சரித்திரம் என்றால் அவர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, எழும்பி, தேத்தண்ணி போடப் போகிறார். அப்பாவின் ரியூஷனிலிருந்து பிள்ளையைக் காப்பாற்ற மாகாணம் செய்திருக்கும் ஒரே ஏற்பாடு இதுதான். பிள்ளை தானே படிக்கிறது, தானே தவறுகிறது, தானே திருத்துகிறது. எங்கள் சமூகத்தில் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு தனிமை வேறெங்கும் கிடைக்காது.

பிள்ளைக்கு உண்மையிலேயே பிரெஞ்சு வருமா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் டெல்ஃப் என்ற பரீட்சை எழுதலாம், பிரான்ஸ் கல்வி அமைச்சு தரும் சான்றிதழ், ஆயுசுக்கும் செல்லும். அதைவிடக் கடுமையான பரீட்சை பாரிஸ் லா ஷப்பலில் இருக்கும் பெரியம்மா. வீடியோ அழைப்பில் பேரனைப் பேசவிட்டுக் கேட்பா. 'பிள்ளை நல்லாக் கதைக்கிறான், ஆனா ஆரோ புத்தகத்தைப் பாத்து வாசிக்கிற மாதிரி இருக்கு' என்பா. அதற்குப் பிறகு பிள்ளை தமிழில்தான் பதில் சொல்லும். இந்த வீட்டில் தமிழ் வளர்வதற்கு அவ செய்த சேவை பெரிது.

தங்கச்சி விண்ணப்பத்தைக் கையில் எடுத்துவிட்டாள். பேனையைத் திறந்தவள் நிறுத்தினாள்.

"உங்கட மகன் இப்ப பத்தாம் வகுப்பு என்ன? பிரெஞ்சு எப்பிடிக் கதைப்பார்?"

"நல்லா, தண்ணிபோலக் கதைப்பாராம்."

"ஆர் சொன்னது, ரீச்சரோ?"

"அவர்தான் சொன்னவர்."