கதைய யாரு தோள்ல ஏத்த?

ஏலே பேராண்டி, இங்கன வா. 'அசுரன்' படத்துல கதையக் கெடுத்துப்புட்டாகன்னு டீக்கடையில பஞ்சாயத்து வச்சியாமே? அந்தப் படத்துக்கு மூலக்கதையான 'வெக்கை' நாவல நீ வாசிச்சியா? படம் வந்த பெறகுதானல வாங்குன? வாங்கி, காப்பித் தம்ளரப் பக்கத்துல வச்சு ஒரு போட்டோ எடுத்த. அம்புட்டுத்தான். பந்தியில உக்காராதவன், பாயசத்துல சீனி பத்தலன்னானாம்.

அத எழுதுன பூமணி நம்ம கோவில்பட்டிப் பக்கத்து மனுசன். 1982ல வந்த நாவல் அது. எடுத்த எடுப்புலயே, மீசை மொளைக்காத பய ஒருத்தன் அண்ணனக் கொன்னவனப் பழிவாங்கிட்டு ஓடுதான். கொலைய மொதல்லயே சொல்லிட்டா மிச்சம் என்னன்னு கேப்ப. மிச்சந்தாம்ல கதையே! அப்பனும் மகனும் காடு கரடுன்னு ஒளிஞ்சு திரியுதாக. எங்க படுத்தாக, என்னத்தப் பொங்கித் தின்னாக, பய மனசுக்குள்ள என்ன ஓடுச்சு, எல்லாம் வரும். பூமணிக்கு அவசரமே கெடையாது. ஒனக்குத்தான் பக்கத்துக்கு ஒருக்கா போன நோண்டணும்.

வெற்றிமாறன் 2019ல அதப் படமா எடுத்தாரு. பய மனசுக்குள்ள கேமராவ எறக்க முடியுமா? அதோட, தனுசக் கூட்டியாந்துட்டு, "நீரு சும்மா மகனுக்குத் தொணையா நடந்து வாரும்"னு சொல்ல முடியுமா? சொன்னா ஒன்னய மாதிரி பயலுகதான் தேட்டர்ல நாக்காலிய ஒடைப்பிய. அதனால மகன் சொமந்த கதைய அப்பன் தோளுக்கு மாத்தி ஏத்துனாரு. அப்பனுக்கு ஒரு பழைய காலம் வேணுமே? செருப்புப் போட்ட பிள்ளைய அடிச்சது, குடிசைகளக் கொளுத்துனதுன்னு தனியா ஒரு கதையச் சேத்தாரு. கொலைய மொதல்லயே காட்டாம பின்னால தள்ளுனாரு. இடைவேளைக்கு முன்னால அப்பன் கையில ஆயுதத்தக் குடுத்தாரு. அப்பத்தான நீ விசிலடிப்ப! முப்பத்தாறு வயசு ஆளுக்கு நரைமுடிய வச்சுப் பெரிய மனுசன் ஆக்குனதையும் சேத்துத்தான் சொல்லுதேன். அந்த நடிப்புக்கு தேசிய விருதே குடுத்தாக.

நாவல் அப்படியே வரலன்னு அழுவுறியே, அப்படியே வந்தா நீ பாப்பியா? நெசத்தச் சொல்லு. ரெண்டு பேரும் ஒரு மரத்தடியில கம்முனு உக்காந்திருக்கத அஞ்சு நிமிசம் காட்டுனா, முறுக்கு வாங்க எந்திரிச்சுப் போயிருவ.

எனக்கும் ஒரு கொறை உண்டு. அந்தப் பயல இன்னுங் கொஞ்சம் முன்னால விட்டிருக்கலாம். ஆனா நான் நாவல வாசிச்சுட்டுல்லா சொல்லுதேன்!

'அசுரன'த் தெலுங்குல வெங்கடேச வச்சு 'நாரப்பா'ன்னு 2021ல எடுத்தாக. அங்கன எவனாவது டீக்கடையில உக்காந்து, "தமிழ்ப் படத்துல இருந்த ஆழம் இதுல இல்ல"ன்னு பஞ்சாயத்து வச்சிருப்பான். அவனும் தமிழ்ப் படத்தப் பாத்திருக்க மாட்டான். தேடிப் பாருல, நம்ம சொக்காரனாத்தான் இருப்பான்.