புல்லியல்: குளிர் அதிகாரம்

புறத்தே வைரம் பாய்ந்தது புல், அகத்தே பாய்ந்தது மரம் என்று பகுத்தது தொல்காப்பியம். அந்தக் கணக்கில் தென்னையும் மூங்கிலும்கூடப் புல்தான். அமெரிக்க மாட்டுப் பண்ணையாருக்கு இது போதாது. அவருடைய மாடு தென்னை ஏறாது. ஆகவே அவருக்கென்று தனி இலக்கணம் ஒன்று இங்கே செய்யப்படுகிறது.

மேய்ச்சல் புல் இரு திணைத்து: வெப்பப்புல், குளிர்ப்புல். முன்னது இந்நூலுக்குப் புறனடை. பின்னது 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை உற்சாகமாக வளரும். வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை. ஜூலை வெயிலில் தூங்கிவிடும். தாவரவியலார் இவற்றைப் பூவை வைத்துப் பிரிப்பர். வளர்ப்பவரை இவை எப்படி நடத்துகின்றன என்பதை வைத்து நாம் பிரிக்கிறோம். அவ்வழி நான்கு: காத்திருப்பன, முந்துவன, மீறுவன, சாவாதன.

காத்திருப்பனவற்றுள் தலையாயது திமோத்தி. நியூ ஹாம்ப்ஷயரில் இதை முதலில் கண்டவர் ஜான் ஹெர்ட், தெற்கே கொண்டுபோய்ப் பரப்பியவர் திமோத்தி ஹான்சன் என்பர். பெயர் யாருக்குப் போயிற்று என்று பாருங்கள். இது தாமதமாகக் கதிர் விடும். மழை ஓய்ந்த பிறகு அறுக்கலாம். வாஷிங்டன் மாநிலத்து எலன்ஸ்பர்க் பக்கம் விளையும் உலர்புல் கப்பலேறி ஜப்பான் வரை போகிறது. ஆனால் சேமிப்பெல்லாம் அடித்தண்டின் குமிழில் இருப்பதால், ஒட்ட மேயவிட்டால் தாங்காது.

முந்துவது ஆர்ச்சர்டு புல். மரநிழலிலும் வரும். கதிர் பொதியில் இருக்கும்போதே அறுக்க வேண்டும். அந்தப் பக்குவமோ சரியாக மே மாத மழையில்தான் வரும். நிலம் காய்வதற்குள் தண்டு முற்றிவிடும், புரதம் இறங்கிவிடும்.

மீறுவது புரோம். ஐரோப்பா, ஆசியாவிலிருந்து 1880களில் வந்து இறங்கியது. 1930களின் வறட்சியில் மற்றவை கருகியபோதும் தாக்குப்பிடித்ததால் மதிப்புப் பெற்றது. மண்ணுக்கடியில் கிழங்குத்தண்டை ஓடவிட்டுப் பக்கத்து வயலுக்குப் போகும். இயற்கைப் புல்வெளிகளைக் காப்பவர்கள் இன்று அதை ஒழிக்க வசந்தத்தில் தீ வைக்கிறார்கள்.

இனி நான்காவது. இதற்குத்தான் உரை நீளும். 1931ல் கென்டக்கியின் மெனிஃபி வட்டாரத்தில், செங்குத்தான ஒரு மலைச்சரிவில் குளிர்காலத்திலும் பச்சையாக நின்ற ஃபெஸ்க்யூ புல்லைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபெர்கஸ் பார்த்தார். 1943ல் 'கென்டக்கி 31' என்ற பெயரில் அது வெளிவந்தது. வறட்சி, மட்டமான மண், பூச்சி, ஓயாத மேய்ச்சல் எதற்கும் அசையவில்லை. பண்ணையார்கள் விழுந்து விழுந்து விதைத்தார்கள்.

மாடுகளுக்குத்தான் இது ஒத்துக்கொள்ளவில்லை. கோடையிலும் குளிர்கால ரோமத்தை உதிர்க்காமல் குட்டைத் தண்ணீரில் போய் நின்றன. குளிரில் சிலவற்றுக்கு வால் நுனியும் குளம்பும் அழுகி விழுந்தன. சினைக் குதிரைகள் நாள் கடந்து ஈன்றன. ஈன்றாலும் மடியில் பால் இல்லை. 1970களில் ஜார்ஜியா ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டார்கள்: புல்லின் உயிரணுக்களுக்கு இடையே குடியிருக்கும் ஒரு பூஞ்சை. வெளியே தெரியாது, விதை வழியே அடுத்த தலைமுறைக்கும் போகும். அது சுரக்கும் எர்கோவேலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது.

சரி, பூஞ்சையை நீக்கி விதைத்தார்கள். மாடு தேறியது, புல் செத்தது. அவ்வளவு நாள் புல்லின் உறுதி என்று புகழ்ந்ததில் பாதி குடியிருந்தவனுடைய உறுதி! கடைசியில், மாட்டுக்கு விஷம் சுரக்காமல் புல்லுக்கு மட்டும் உதவும் வேறொரு பூஞ்சையைக் குடிவைத்த ரகம் 2000 வாக்கில் சந்தைக்கு வந்தது. பழைய புல்லைக் கொல்லுவதுதான் பெரும்பாடு: களைக்கொல்லி அடித்து, இடையில் வேறு பயிர் போட்டு மூடி, மறுபடியும் அடிக்க வேண்டும். அதற்குத் துணிவில்லாதவர்கள் குளோவர் விதையைத் தூவி விஷத்தின் செறிவைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

ஒழிபு: மேற்சொன்ன நான்கிலும் அடங்காத ஐந்தாம் வகை ஒன்று உண்டு. அது அவசரப்பட்டுக் கட்டிய புல். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கையில் கட்டி அடுக்கினால், நுண்ணுயிர்கள் வேலை செய்து உள்ளே சூடேறும். சில வாரங்களில் கொட்டகையே பற்றலாம். நீண்ட வெப்பமானியைப் போருக்குள் செருகிப் பார்ப்பது வழக்கம். 80 டிகிரியை நெருங்கினால் முதலில் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட வேண்டும். கட்டுகளைப் பிரிப்பது அது வந்து நின்ற பிறகுதான்; ஏனென்றால் காற்றுப் பட்டதும் குப்பென்று பிடித்துக்கொள்ளும்.