வளைவியல்: ஹாக்கி மட்டையின் பிளேடை வீட்டிலேயே வளைத்தல் குறித்த ஓர் ஆய்வு

பனித்தள ஹாக்கி மட்டையின் பிளேடை வீட்டு அடுப்பு, வீட்டு நீர், வீட்டுக் கதவு ஆகிய மூன்றின் துணையோடு வளைக்கும் கலையானது, கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பயிலப்பட்டு வருவதாகும். தந்தை சொல்ல மகன் கேட்டும், தாய் சொன்னதை இருவருமே கேளாமலும் வளர்ந்த இக்கலைக்கு முறையான இலக்கணம் வேண்டும் என்பதை உணர்ந்தே இவ்வாய்வு மேற்கொள்ளப்படுகிறது. புல்தரையில் பந்து கொண்டு ஆடப்படும், தமிழ் வாசகர் நன்கறிந்த ஹாக்கியின் மட்டை இதன் எல்லைக்குள் வாராது. அதன் கொக்கி வளைவு பட்டறையிலேயே முடிந்துவிடுவதால், உரியவரின் சமையலறைக்கு அதில் வேலையில்லை. இங்கு ஆராயப்படுவது, 3 அங்குல விட்டமும் 1 அங்குலக் கனமும் உடைய ‘பக்’ என்னும் கெட்டி ரப்பர் வட்டைப் பனிக்கட்டியின் மேல் தள்ளவும் அடிக்கவும் பயன்படும் நீண்ட மட்டையின் அடியில், ஒரு சிறு பலகைபோல் அமைந்த பிளேடு ஆகும். அது கைப்பிடியோடு சேருமிடம் குதிகால் எனவும், மறுமுனை நுனி எனவும் வழங்கும்.

இப்பிளேடு ஆதியில் நேராகவே இருந்தது. 1960களின் தொடக்கத்தில் சிகாகோ பிளாக் ஹாக்ஸ் அணியின் ஸ்டான் மிகிட்டா, பயிற்சியின்போது மட்டை விரிசலிட்டு வளைந்துபோன எரிச்சலில் அதைக்கொண்டே பக்கை ஓங்கியடிக்க, அது வழக்கத்துக்கு மாறான பாதையில் பறந்தது என்பதும், அவரும் சக ஆட்டக்காரர் பாபி ஹல்லும் அதன்பின் வெந்நீரில் ஊறவைத்த பிளேடுகளைக் கதவின் அடியில் செருகி வளைக்கத் தொடங்கினர் என்பதும் இத்துறையின் தோற்றக் கதையாகும். நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் ஆண்டி பாத்கேட்டும் வளைந்த மட்டையை முன்னோடியாகக் கையாண்டவராகச் சொல்லப்படுவதால், முதன்மை யாருக்கு என்னும் வழக்கு தீர்ந்தபாடில்லை. 1959 நவம்பர் 1 அன்று கோல்காப்பாளர் ஜாக் பிளான்ட்டின் முகத்தைப் பிளந்து, அவரை முகமூடி அணிந்து திரும்பவைத்த அடி இதே பாத்கேட்டுடையது என்பதை மட்டும் இங்கு குறித்துவிட்டு மேற்செல்லலாம்.

வளைத்தல் முறைகளுள் தொன்மையானது கதவிடுக்கு முறை. இதில் மரப் பிளேடு முதலில் கொதிக்கும் நீரிலோ, கெட்டிலின் மூக்கிலிருந்து வரும் ஆவியிலோ நன்கு சூடேற்றப்படும். மரத்தின் நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் லிக்னின் என்னும் பொருள் ஈரமும் வெப்பமும் சேரும்போது இளகுவதே இதன் அடிப்படை. ஈரமின்றி வெறுந்தீயில் காட்டினால் வளைவதற்கு முன் கருகிவிடும். இளகிய பிளேடைக் கதவுக்கும் தரைக்கும் இடையிலுள்ள சந்தில் செருகி, கைப்பிடியைத் தூக்கிக் கொடுத்து, விரும்பும் அளவைக் காட்டிலும் சற்று மிகுதியாகவே வளைக்க வேண்டும். பிடியைத் தளர்த்தியவுடன் மரம் ஓரளவு பழைய நிலைக்கே மீளும் இயல்புடையது. முற்றிலும் ஆறும்வரை மட்டையை அசைக்கலாகாது. இவ்விதியின் உடன்விளைவாக, அக்கதவை இரவு முழுதும் எவரும் திறக்கவோ சாத்தவோ இயலாது. இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்படும் கதவு ஒருபோதும் ஆய்வாளரின் சொந்த அறைக்கதவாக இருப்பதில்லை என்பது இத்துறையின் மாறாவிதிகளுள் ஒன்றாகும்.

கார்பன் இழையையும் எபாக்சி என்னும் பிசினையும் கொண்டு செய்யப்படும் இக்கால மட்டைகளுக்கு இம்முறை செல்லாது. எபாக்சி ஒருமுறை இறுகிய பின் மெழுகுபோல் மீண்டும் உருகுவதன்று. குறிப்பிட்ட வெப்பநிலையைக் கடந்தால் சற்றே நெகிழும், அவ்வளவே. அந்நெகிழ்ச்சியை நம்பி ஓவனிலோ, பெயின்ட் உரிக்கப் பயன்படும் வெப்பக்காற்றுத் துப்பாக்கியின் முன்னரோ பிளேடைக் காட்டுவோர், பல வேளைகளில் வளைவைப் பெறாமல், அடுக்குகள் பிரிந்து தட்டினால் பொத்தென ஒலிக்கும் ஒரு பொருளையே பெறுகின்றனர்.

வளைவின் பயன்பாடு குறித்து அறிஞரிடையே பெரிய கருத்து வேறுபாடில்லை. உட்குழிந்த பக்கத்தில் பக் அடங்கி நிற்கும், சுழன்று புறப்படும், எளிதில் மேலெழும். புறங்கை அடிக்கு மட்டும் அதே பிளேடின் குவிந்த முதுகு பக்கை வழுக்கவிடும். குதிகாலருகே வளைப்போரும் நுனியருகே வளைப்போரும் தத்தம் கொள்கையைச் சைவ வைணவப் பூசலின் வீறோடு நிலைநாட்டி வருகின்றனர். இவர்கள் எவரும் அவ்வளவாகப் பேசாத இழப்பு ஒன்றுண்டு. நேர்ப் பிளேடு இடக்கை, வலக்கை என்னும் பேதம் அறியாதது. அண்ணன் வைத்துவிட்டுப் போன மட்டையைத் தம்பி எந்தப் பக்கம் நின்றும் அடிக்கலாம். வளைவு வந்த நாள்முதல் அப்பொதுவுடைமை ஒழிந்தது. மறுபக்கம் நின்று அடிக்கும் தம்பிக்குப் புது மட்டை வாங்கவேண்டியதாயிற்று. இதில் மட்டை வணிகருக்கு யாதொரு வருத்தமும் இருந்திருக்க இயலாது.

கட்டற்ற வளைவு கோல்காப்பாளருக்கு ஆபத்தாக முடியவே, தேசிய ஹாக்கி லீக் 1960களின் இறுதியில் ஒன்றரை அங்குலம் என்னும் வரம்பை விதித்து, அதைப் படிப்படியாகக் குறைத்து 1970இல் அரை அங்குலமாக்கி, 2006இல் முக்கால் அங்குலமாகத் தளர்த்தியது. குதிகாலிலிருந்து நுனிவரை ஒரு நேர்கோடு இழுத்து, அதிலிருந்து பிளேடின் மிக ஆழமான குழிவுவரை செங்குத்தாக அளப்பதே வரம்பறியும் வழி. இல்லத்தில் இதற்குக் கருவி தேவையில்லை: குழிந்த பக்கம் கீழிருக்க மேசைமேல் பிளேடைக் கவிழ்த்து, ஒரு கனடியச் சென்ட் நாணயத்தை விளிம்பில் நிறுத்தி உள்ளே செலுத்தினால் போதும், நாணயம் தாராளமாகப் புகுந்தால் பிளேடு குற்றவாளி. அந்நாணயத்தின் விட்டம் 19.05 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலமே. குடிமக்களின் சட்டைப்பையில் இத்துணைத் துல்லியமான அளவுகோலை வைத்திருந்த கனடிய அரசு, 2013 பிப்ரவரியில், இத்துறையினர் எவரையும் கலந்தாலோசிக்காமல், சென்ட் நாணயத்தைப் புழக்கத்துக்கு விடுவதை நிறுத்திவிட்டது.

அளவு பார்க்காததன் விலை 1993 ஜூன் 3 அன்று மான்ட்ரியலில் தெரியவந்தது. ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் 2-1 என முன்னிலையில் இருக்க, ஆட்டம் முடிய 1 நிமிடம் 45 நொடியே எஞ்சியிருந்தபோது, மான்ட்ரியல் பயிற்சியாளர் ஜாக் டெமர்ஸ், கிங்ஸ் ஆட்டக்காரர் மார்ட்டி மக்சார்லியின் மட்டையை அளக்கக் கோரினார். வளைவு வரம்பை மீறியிருந்தது. மக்சார்லி இரு நிமிடம் வெளியேற்றப்பட்டார். அந்த இடைவெளியில் மான்ட்ரியலின் எரிக் டெஜார்டன் சமன்செய்து, கூடுதல் நேரத்தின் 51ஆம் நொடியில் அவரே வெற்றி கோலையும் அடித்தார். தொடரும் கோப்பையும் மான்ட்ரியலுக்கே சென்றன.

ஆகவே மரப் பிளேடை ஆவியில் வளைத்தல் தகும். கார்பன் பிளேடைக் கடையிலேயே வேண்டிய வளைவு பார்த்து வாங்குதல் தகும். ஓவன் ரொட்டிக்கே உரியது. எம்முறையைக் கைக்கொள்வோரும், பிளேடின் மேல் சுற்றியுள்ள துணி டேப்பை முதலில் முழுதும் உரித்துவிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்; சூட்டில் இளகும் அதன் பசை கெட்டிலில் ஒட்டினால் எளிதில் போகாது.