பன்னிரண்டு மாத விருந்தாளி

தமிழ்நாட்டில் பதிவான கார் புனேயில் ஓடலாமா என்றால், தாராளமாக ஓடலாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, ஒரு மாநிலத்தில் செய்த பதிவு இந்தியா முழுவதும் செல்லும் என்கிறது. அந்தப் பெருந்தன்மைக்கு ஆயுசு ஒரே ஒரு பிரிவுதான். அடுத்து வரும் 47, வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் தங்கினால் புது எண் வாங்கச் சொல்கிறது: புனே நகரமென்றால் எம்எச் 12, பிம்ப்ரி-சிஞ்ச்வட் பக்கமென்றால் எம்எச் 14. ஓட்டுகிறவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவருடைய உரிமம் காலாவதியாகும்வரை எங்கும் செல்லும், சந்தேகமெல்லாம் கார்மேல்தான்.

'கொஞ்ச நாளைக்கு' என்று புனேயை ஒட்டிய ஹிஞ்சவடிக்கு வந்து, வருடம் போனது தெரியாமல் இருந்துவிட்ட மென்பொருள் பொறியாளரின் கார் படும் பாடு தனி. கடன் இருந்தால் வங்கியின் சம்மதம், பதிவு செய்த ஆர்டிஓவிடம் 28-ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்று, பிறகு மகாராஷ்டிரத்துக்குச் சாலை வரி. ஊரில் ஏற்கெனவே கட்டிய ஆயுள் வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்கலாம். கேட்டு வாங்க இன்னோர் ஆயுள் கைவசம் இருப்பது நல்லது.

இதற்கு மாற்றாக 2021 செப்டம்பரில் பிஎச் வரிசை எண் வந்தது. இரண்டிரண்டு ஆண்டுகளாக வரி கட்டினால் போதும், மாநிலம் மாறினாலும் எண் மாறாது. அரசு ஊழியர்களுக்கும், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் வைத்திருக்கும் தனியார் நிறுவன ஊழியர்களுக்குமே இந்தச் சலுகை. மூன்றோடு நிறுத்திக்கொண்ட நிறுவனத்தில் இருப்பவர், நம்பர் பிளேட்டை மாற்றுவதா வேலையை மாற்றுவதா என்று யோசிக்கலாம்.