தூரக்கண்ணாடிக்காரர்

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் இப்போது புதிதாக ஒரு வகை மனிதர் முளைத்திருக்கிறார். வயது அறுபத்தைந்து அளவில் இருக்கும். துறைமுகத்தில் சாமான் எடுத்துக்கொடுக்கும் கிளியரிங் கம்பனியிலோ வங்கியிலோ முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். மகள் பாரிஸில், மகன் சூரிச்சில். வருடத்தில் ஆறு வாரம் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறேன் என்று புறப்படுவார். பிள்ளைகளோடு ஆறு நாள் இருப்பார். மிச்ச நாட்களில் லிஸ்பன், அன்டலூசியா, ரோன் ஆற்றுக் கழிமுகம், பதுவை என்று தெற்கு ஐரோப்பாவை எறும்பு வேகத்தில் சுற்றுவார். கழுத்தில் தூரக்கண்ணாடி, பையில் பறவைக் கையேடு, சட்டைப்பையில் மடித்த கச்சேரி டிக்கெட். பறவை பார்க்கப் போகிறார், பாட்டுக் கேட்கப் போகிறார் என்று வீட்டார் சொல்கிறார்கள். அவரும் அப்படித்தான் நம்புகிறார். என் கட்சி வேறு. அவர் போவது சும்மா நிற்பதற்கு. பறவையும் பாட்டும் அதற்கு எடுத்த அனுமதிச் சீட்டு.

முதல் சாட்சி அவருடைய கொப்பிதான். தெற்கு பிரான்சின் கமார்க்கில் மூன்று மணி நேரம் சேற்றோரம் நின்று அவர் பார்த்தது பூநாரை. அதே இனம், அதே இளஞ்சிவப்பு, அதே வளைந்த அலகு, மன்னார் வங்காலைக் கடனீரேரியில் நிற்கிறது. மதவாச்சியில் இறங்கி பஸ் மாறினால் போதும், விசா வேண்டாம். அடுத்தது கொண்டலாத்தி, அது யாழ்ப்பாணத்து வேலியோரம் புழு கிண்டுவது. நெடுங்கால் உள்ளான், அதுவும் நம்மூர்ப் பறவை. தகைவிலானோ மாரி தொடங்கியதும் வட ஆசியாவிலிருந்து தன் செலவில் பறந்து வந்து நம் மின்கம்பியிலேயே உட்கார்ந்து தரிசனம் தருகிறது. ஸ்பெயினின் காசெரஸ் நகரத்துக் கோபுரங்களில் கூடு கட்டியிருக்கும் செங்கால் நாரையைப் படமெடுத்து அவர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். சத்திமுத்தப் புலவர் மனைவிக்குத் தூது சொல்லிவிட்ட நாரை அது. புலவர் அதைப் பார்த்தது மதுரையில், குளிரில், கையில் காசில்லாமல். தூரக்கண்ணாடி இல்லாமலே அலகின் நுணுக்கம் வரை அவருக்குத் தெரிந்திருந்தது. பறவைதான் நோக்கமென்றால் இலங்கைக்கே உரிய முப்பதுக்கு மேற்பட்ட இனங்கள் சிங்கராஜவிலும் மலைநாட்டிலும் காத்திருக்கின்றன. அவற்றுக்காக இங்கிலாந்துக்காரர் விமானம் பிடித்து வந்து அட்டைக்கடி வாங்குகிறார். நம்மவர் சிங்கராஜவை எட்டிப் பார்த்ததில்லை, அட்டை கடிக்குமாம். இரண்டு தூரக்கண்ணாடிகளும் கட்டுநாயக்கவில் ஒன்று இறங்க ஒன்று ஏறி, ஒன்றையொன்று பாராமலே போகின்றன.

பாட்டு விஷயத்தில் சாட்சி இன்னும் பலம். லிஸ்பனின் அல்ஃபாமா சந்துகளில் ஃபாடோ என்று ஒரு பாட்டு உண்டு. 2011 இல் யுனெஸ்கோ மானுட மரபுப் பட்டியலில் சேர்த்த பாட்டு. பிரிவும் ஏக்கமுமாகப் பாடுவார்கள். பாடகி எழுந்து நின்றதும் விளக்கைத் தணிப்பார்கள், பரிமாறுகிறவர் தட்டோடு நின்றுவிடுவார், கரண்டி ஓசைகூடக் கேட்காது. நம்மவரும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பார். ஒரு சொல் புரியாது. கண் மட்டும் கலங்கும். இதே மனிதர் பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் தேத்தண்ணி தேடி வெளியே போகிறவர். மிருதங்கக்காரர் அரை மணி நேரம் உயிரைக் கொடுத்து வாசிக்க, இவர் வாசலில் நின்று காணி விலை பேசுவார். பாரிஸுக்குப் போன பிறகுதான் இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் அறிமுகமானார். விடியற்காலையில் வயலோரம் நின்று பறவைக் குரல்களை ஸ்வரமாகக் குறித்தவர். 1956 முதல் 1958 வரை பறவைகளைப் பற்றிப் பதின்மூன்று பியானோப் படைப்புகள் எழுதியவர். அவற்றில் சில தெற்கு பிரான்சின் கடலோரத்துக் குரல்கள். அந்த மெசியான் சங்கீத ரத்னாகரத்தில் சாரங்கதேவர் பட்டியலிட்ட தேசித் தாளங்களை எடுத்துத் தம் இசையில் பயன்படுத்தியவர். ஆக, சாரங்கதேவரின் தாளம் கொட்டாஞ்சேனைக் காதுக்கு எட்ட பாரிஸைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது.

அங்கே மட்டும் ஏன் இந்தப் பொறுமை? அங்கே அவரை யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதே என் விடை. கொட்டாஞ்சேனையில் ஒரு மனிதர் போஞ்சியன் வீதி ஓரத்தில் வேலையில்லாமல் ஐந்து நிமிடம் நின்று பார்க்கட்டும். ஓட்டோக்காரர் வேகம் குறைத்து, “எங்க போகணும் அங்கிள்?” என்பார். லொத்தர் விற்பவர் எதிரே வந்து நிற்பார். கோயிலுக்குப் போகும் அம்மா, “ஆரப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்க?” என்பார். கடைக்காரர் கதிரை எடுத்துப் போடுவார். அது அன்பு, ஆனால் விசாரணையும் அதற்குள்தான். பத்தாவது நிமிடத்தில் நான்காம் மாடியிலிருந்து மனைவியின் தொலைபேசி: “உங்களுக்கு என்னவாம் சுகமில்லையாம்?” சும்மா என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு விலை. யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் யோகர் சுவாமி ‘சும்மா இரு’ என்று சொன்னால் அது உபதேசம். கொழும்பில் ஓய்வு பெற்றவர் செய்தால் அது வருத்தம், இல்லையேல் வேலையில்லாத்தனம். கமார்க்கின் சேற்றோரத்தில் இந்த இரண்டுமில்லை. அங்கே நிற்பவர் சுற்றுலாப் பயணி. எதற்கு நிற்கிறாய் என்று அவரை எவரும் கேட்பதில்லை, அவர் காசு கொடுத்து நிற்கிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழும்: கொழும்பிலேயே இதைச் செய்யலாமே? செய்யலாந்தான். ராம்சார் அமைப்பு 2018 இல் ஈரநில நகரம் என்று அங்கீகரித்த ஊர்களில் கொழும்பும் ஒன்று. தலங்கம குளம், பெத்தகான, முத்துராஜவெல, எல்லாம் பஸ் தூரம். பேரே வாவியில் கூழைக்கடா அரச உத்தியோகத்தர் போலச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறது. ஆனால் இப்படிச் சொல்பவர்கள் கொட்டாஞ்சேனை மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதை மறந்துவிடுகிறார்கள். துறைமுகம் தெரியும். யுத்த காலத்தில் அந்தத் திசையை நோக்கித் தூரக்கண்ணாடி பிடித்த தமிழர், செம்பருந்து பார்த்தேன் என்று பொலிஸுக்குச் சிங்களத்தில் விளக்கிச் சொல்லி வீடு திரும்பியிருப்பார் என்று நினைக்க நல்ல மனம் வேண்டும். தெருமுனைச் சோதனைச்சாவடியில் அடையாள அட்டைக்கு அடுத்த கேள்வியே ஏன் இங்கே இருக்கிறாய் என்பது. 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் இருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். தக்க காரணமில்லாமல் தலைநகரில் தங்கியிருக்கிறார்கள் என்பதே சொன்ன நியாயம். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. அரசு பிறகு வருத்தமும் தெரிவித்தது. யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது, சாவடிகளும் போயின. ஆனால் முப்பது வருடம் தெருவில் இறங்கும்போதெல்லாம் ஒரு காரணத்தைத் தயாராக வைத்திருந்த மனிதர், அதை ஒரே நாளில் குப்பைக்கூடையில் போட்டுவிட முடியுமா? மருந்துக்கடை, வங்கி, பேத்தியின் டியூஷன் என்று இன்றைக்கும் ஏதாவது ஒன்று அவர் நாக்கு நுனியில் இருக்கும்.

அப்படியானால் ஐரோப்பா மட்டும் என்ன வெள்ளை மனசா என்று கேட்கலாம். ஷெங்கன் விசாப் படிவமும் வருகையின் நோக்கத்தைத்தான் கேட்கிறது. வங்கிக் கணக்கு, ஹோட்டல் பதிவு, முப்பதாயிரம் யூரோவுக்குக் காப்புறுதி எல்லாம் அடுக்கினால்தான் 180 நாளில் 90 நாள் சும்மா இருக்க விடுவார்கள். தூரக்கண்ணாடி அங்கேயும் வில்லங்கம் தந்ததுண்டு. 2001 நவம்பரில் கிரேக்க நாட்டின் கலமாட்டா விமானப்படைத் தளத்தருகே, விமானங்களைப் பார்த்து இலக்கம் குறிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட பன்னிரண்டு பிரித்தானியரையும் இரண்டு டச்சுக்காரரையும் ஒற்றர்கள் என்று பிடித்துப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றே தீர்த்தது. அடுத்த வருடம் மேன்முறையீட்டில்தான் விட்டார்கள். லீவு எடுத்து, செலவழித்து வந்து, வெயிலில் நின்று, விமானத்தின் வால் இலக்கத்தை எழுதிக்கொள்வது இன்பம் என்பதை அந்த நீதிபதிகளுக்குப் புரியவைக்க ஒரு வருடம் பிடித்திருக்கிறது. இந்த மறுப்பை நான் மறுக்கவில்லை. ஐரோப்பாவிலும் காரணம் கேட்கிறார்கள். ஆனால் தூதரகத்தில் ஒரு தரம், எழுத்தில் கேட்கிறார்கள். பதில் எழுதிக் கட்டணமும் கட்டிவிட்டால் பிறகு விமானத் தளத்துப் பக்கம் போகாத வரைக்கும் நிம்மதி. ஓட்டோக்காரரிடமும் லொத்தர்காரரிடமும் அப்படி மொத்தமாக ஒரு விசா எடுக்க வழியில்லை.

இது வெறும் பகட்டு என்பார்கள் இன்னொரு சாரார். பகட்டுக்காரர் ஐஃபல் கோபுரத்தின் கீழ் நின்று படம் எடுப்பார். இவர் அனுப்பும் படத்தில் சாம்பல் வானமும் அதில் ஒரு புள்ளியும் இருக்கும். அந்தப் புள்ளி கழுகு என்று கீழே எழுதியிருக்கும். இதைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர் கொட்டாஞ்சேனையில் எவருமில்லை. பொறாமை முழுவதும் மனைவி மேல்தான். அவர் போவது யாத்திரை: லூர்து, பாத்திமா, உரோமாபுரி, பதுவை. தீர்த்தம், செபமாலை, பதக்கம் என்று பெட்டி நிறையக் கொண்டுவந்து மாடி மாடியாகப் பகிர்வார். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்தோறும் மெழுகுதிரி ஏற்றுகிற கையால் பதுவைக் கோயிலில் அந்தோனியார் கல்லறையைத் தொட்டு வந்தவர் என்பதால் இந்துக்களும்கூட அவர் கையைப் பிடித்துப் பார்ப்பார்கள். லிஸ்பனில் பிறந்து, 1231 இல் பதுவையில் இறந்து, எட்டு நூற்றாண்டாகக் காணாமற்போன சாவிகளைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோனியார் எங்கள் பகுதியின் உண்மையான நகரபிதா. மனைவி உள்ளே புனிதரின் நாக்கு வைத்திருக்கும் பேழையின் முன் முழந்தாளிட, கணவர் வெளியே சதுக்கத்தில் அண்ணாந்து உழவாரன்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருவருக்குக் காரணம் இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. மரியாதை எங்கே போகும் என்று சொல்லவேண்டியதில்லை. அந்தோனியார் சேர்ந்த சபையை நிறுவிய அசிசி பிரான்சிஸ் பறவைகளுக்குப் பிரசங்கம் செய்தவர், அந்தோனியாரே மீன்களுக்குப் பிரசங்கம் செய்தவர் என்று மரபு சொல்கிறது. இந்த வாதத்தைக் கணவர் பலமுறை வீட்டில் எடுத்துவைத்திருக்கிறார். பிரசங்கம் செய்தவர்கள் அவர்கள், நீங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றவர் என்பது வழக்கமான தீர்ப்பு. அதில் தர்க்கப் பிழை எதையும் என்னால் காணமுடியவில்லை.

எனக்கு உறுத்துகிற மறுப்பு வேறொன்று. புறக்கோட்டையில் நாட்டாமி ஒருவர் கைவண்டியை ஓரம் கட்டிவிட்டுக் குந்தியிருந்து, துறைமுகத்தின் மேல் வட்டமிடும் செம்பருந்தைப் பார்க்கிறார். அவர் கையில் கொப்பி இல்லை, கழுத்தில் கண்ணாடி இல்லை. அடுத்த லொறி வரும்வரை அவர் பார்ப்பதும் பறவைதான், அதுவும் தூரக்கண்ணாடிக்காரர் பார்ப்பதைவிட நிதானமாக. அதை எவரும் பயணம் என்று சொல்வதில்லை. முதலாளி கண்டால் வேறு பெயர் சொல்லி அழைப்பார். மகள் பாரிஸில் இருப்பவருக்கே சும்மா இருத்தல் கலையாகிறது என்றால், நம்மவர் வாங்கிவந்திருப்பது சலுகையே. இதற்கு நான் முழுதாகப் பதில் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும்: அந்தச் சலுகையை அவர் ஊருக்குக் கொண்டுவந்து இறக்கப் பார்க்கிறார். சுங்கத்தில் மாட்டிக்கொண்ட சாமான் போல அது இன்னும் கைக்கு வந்து சேரவில்லை.

எப்படியென்றால், ஒக்டோபரில் அவர் திரும்பி வந்துவிடுவார். அதே மாதத்தில் இந்தியாவிலிருந்து ஆறுமணிக்குருவியும் கடல் தாண்டி வரும். பறந்து களைத்தவை சில கொழும்பு வீட்டு முற்றங்களில் விழுந்து கிடப்பதும் உண்டு. காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் கூவுவதால் அந்தப் பெயர். பச்சை முதுகு, நீலத் தோள், வாலடியில் குங்குமச் சிவப்பு. கமார்க்கில் எவ்வளவு யூரோ கொடுத்தாலும் காணமுடியாது. கோயில் வளவு மரங்களுக்குள் ஒன்று வந்திருக்கிறதா என்று கேட்க அவருக்கு ஆசை. அதற்காக மாலையில் மொட்டைமாடிக்கு ஏறுகிறார். வெறுங்கையோடு ஏறினால் படிக்கட்டில் மூன்று பேருக்குப் பதில் சொல்லவேண்டும், ஆகவே ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் துவாய், துவாய்க்குள் தூரக்கண்ணாடி. தண்ணீர்த் தாங்கியின் மறைவில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்து, காகக் கூச்சலுக்கும் மாலை மணியோசைக்கும் நடுவே அந்த இரட்டைச் சீழ்க்கைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். கீழே இரண்டாம் மாடி யன்னலிலிருந்து யாராவது அண்ணாந்து கேட்பார்கள்: “அங்கிள், தாங்கியில தண்ணி வருதா?”

“வருது, வருது,” என்பார் அவர், அசையாமல்.