பலகை அங்கிள்

ஜொகூர் ஸ்கூடாயில் ஒருவர் இருப்பார், மாசாயில் ஒருவர் இருப்பார், கூலாயில் கட்டாயம் இருப்பார். வயது ஐம்பத்தைந்து. டாக்டர் 'நடங்க' என்று சொன்ன நாளிலிருந்து, நடக்காமல் இருப்பதற்கான காரணங்களைச் சேர்த்து வைத்திருப்பார். காலையில் தெருநாய், மாலையில் மழை, இரண்டும் இல்லாத நாளில் புகைமூட்டம். ஜிம்முக்குப் போனால் பையன்கள் 'அங்கிள்' என்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை ஸ்டோர் ரூமைக் கூட்டும்போது ஒரு வெள்ளைப் பலகை கிடைக்கிறது. மகன் பள்ளிக்கூடக் காலத்தில் அழுது வாங்கிய நிண்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியின் பலகை, ஏறி நின்று ஆடுவதற்கு. மகன் இப்போது விடியற்காலையில் மோட்டாரில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். பலகை வாரிசு இல்லாமல் கிடந்தது. தகப்பன் எடுத்துக்கொண்டார்.

பலகைக்கு நாலு ஏஏ பேட்டரி வேண்டும். வீட்டில் இருந்த நாலு சுவர்க் கடிகாரங்களையும் கழற்றினார். அன்றோடு அந்த வீட்டில் நேரம் நின்றுவிட்டது.

மாமாக் கடையில் இப்போது அவர்தான் பேச்சாளர். "மாரியோவை உருவாக்கினாரே மியாமோட்டோ, அவரு வீட்டுல தெனமும் எடை பாக்குறவரு. அதுலதான் இந்த யோசனையே வந்துச்சு. 2007 டிசம்பர்ல ஜப்பான்ல எறக்கிட்டான். நாலு மூலையிலயும் சென்சர் இருக்கு லா! 150 கிலோ வரைக்கும் தாங்கும்." தம்முடைய 94 கிலோவுக்கு இன்னும் இடமிருக்கிறது என்ற நிம்மதி குரலில் தெரியும்.

திரையில் அவரைப் போலவே ஒரு பொம்மை நிற்கும். அதற்கு 'மீ' என்று பெயர். எடை பார்த்து முடிந்ததும் மீயின் வயிறு பொம்மென்று உப்பும். காலையில் தின்றது மீ கோரிங் ஆயிற்றே, வேறு எங்கே போகும்? உடனே ஒரு குழந்தைக் குரல் உற்சாகமாக 'உடல் பருமன்' என்று அறிவிக்கும். அடுப்படியிலிருந்து அக்காவின், அதாவது அவர் மனைவியின், குரல் வரும்: "முப்பது வருசமா நான் சொன்னது காதுல ஏறல. ஜப்பான்காரன் சொன்னாத்தான் ஏறுமா?"

அங்கிளிடம் பதில் உண்டு. 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் பாதிக்கு மேல் எடை கூடியவர்களாம். இந்த நாட்டில் நம்மவர் பெரும்பான்மையோடு சேர்ந்திருப்பது இந்த ஒரு கணக்கில்தான்.

எடை பார்க்கும்போது அந்த விளையாட்டு உடுப்பின் கனத்தையும் கேட்கும், கழித்துக்கொள்வதற்காக. கட்டியிருப்பது ஒரு கைலி. அங்கிள் 'கனமான உடை'யை அமுக்குவார். இந்த வகையில் முதல் வாரமே எடை குறைந்தது.

அடுத்தது பந்தைத் தலையால் முட்டும் ஆட்டம். ஜேடிடி கால்பந்து அணியின் ரசிகருக்குச் சொல்ல வேண்டுமா? பந்து வரும் திசையில் உடம்பைச் சாய்க்க வேண்டும். நடுநடுவே பறந்து வரும் சப்பாத்துக்கு விலக வேண்டும். அங்கிள் பந்துகளுக்கு விலகி, சப்பாத்துகளை ஒன்றுவிடாமல் முகத்தில் வாங்குவார்.

கடைசியில் ஓட்டம். இதற்குப் பலகை வேண்டாம், கையில் ரிமோட்டோடு நின்ற இடத்திலேயே ஓடினால் போதும். மூன்றாம் நாள் அவர் மூச்சிரைத்துக் குளிக்கப் போன நேரத்தில், அக்கா சோபாவில் உட்கார்ந்து இடது கையால் ரிமோட்டை ஆட்டிக்கொண்டே, வலது கையால் பயத்தங்காய் ஒடித்து, அவருடைய தூரத்தை முந்திவிட்டார். பாவம், அந்த இயந்திரம் கை ஆடுவதைத்தான் பார்க்கும், கால் ஓடுவதைப் பார்க்காது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று மாதமாக அந்த அரைமணி நேரம் அவர் நாற்காலியில் இல்லை. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைத் தேடுவதில்லை. மாமாக் கடையில் தே தாரிக்கை 'கூராங் மானிஸ்' என்று சீனி குறைத்துக் கேட்கிறார். ரொட்டி சானாய் இன்னும் ரெண்டுதான், அதை விடுங்கள். டாக்டரும் மனைவியும் சொல்லி நடக்காததை, உப்பிய பொம்மை ஒன்று நடத்தியிருக்கிறது.

உங்கள் வீட்டு ஸ்டோர் ரூமிலும் அப்படி ஒரு பலகை கிடக்கலாம். தூசி தட்டி எடுங்கள். பேட்டரியை மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், கடிகாரம் ஓடட்டும்.