கவர் அக்கா

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றிருந்தால் அங்கே ஒரு செயலாளர், ஒரு வாட்ச்மேன், ஒரு கவர் அக்கா இருப்பார்கள். முதல் இருவரும் அவ்வப்போது மாறுவார்கள். கவர் அக்கா நிரந்தரம்.

நீங்கள் காய்கறியோடு லிஃப்டில் ஏறினால் அவர் கண் கத்தரிக்காயில் படாது, அதைச் சுமக்கும் கவரில்தான் படும். "தம்பி, அந்தப் பச்சைக் கவர எறிஞ்சிடாதப்பா, எனக்கு வேணும்." ஜவுளிக்கடையில் பில் போடும் இடத்தில், "ஜாக்கெட் துணியத் தனிக் கவர்ல போடுங்க" என்று ஏன் சொன்னார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர் கணவருக்குப் புரியும். புரிந்தும் பயனில்லை. அந்த மனிதருடைய பீரோவின் கீழ்த்தட்டு போன தீபாவளிக்கே கவர்கள் வசமாகிவிட்டது.

வேலை என்னவோ சுத்தம், அதைச் சொல்லியாக வேண்டும். கவர்களைக் கழுவிக் கொடியில் காயப்போடுவார், வேட்டிக்கு இடமிருக்காது. காய்ந்ததைத் தரையில் வைத்து நீவி, கைப்பிடியையும் அடியில் ஒட்டியிருக்கும் விளிம்பையும் வெட்டி எறிவார். மிச்சத்தைக் குறுக்கே இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் ஒரு வளையம். ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்துச் சுருக்கிட்டு இழுத்துக்கொண்டே போனால் நூல். அதை உருண்டையாகச் சுற்றி, தடித்த குரோஷா ஊசியால் பின்ன ஆரம்பித்தார் என்றால், சீரியல் நாயகி அழுது முடிப்பதற்குள் ஒரு சாண் வளர்ந்திருக்கும்.

"ஒயர் கூடை பின்னின காலத்துல ஒயரக் காசு குடுத்து வாங்கணும். இது சும்மா கெடைக்குது பாருங்க" என்பார். ஓர் ஆள் படுக்கும் பாய் 500 முதல் 700 கவர் வரை விழுங்கும். கணக்கைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை. கேட்கிற நமக்கோ அடுத்த பாய்க்கு யார் வீட்டுக் கவர் என்ற கவலை.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு தடை செய்தது. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் மகிழ்ந்தார்கள். கவர் அக்காவுக்கு மூலப்பொருள் தட்டுப்பாடு. 2021இல் 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது. மஞ்சப்பை ஏற்கெனவே நூல்தானே, அதில் அவருக்கு என்ன வேலை? நல்லவேளையாக (அவருக்கு, பூமிக்கு அல்ல) தடையை மதிக்காத கடைகள் இன்னும் இருக்கின்றன. மதித்த கடைக்காரர் ஒருவர் கையை விரித்தபோது, "சுற்றுச்சூழலுக்காகத்தாம்பா கவர் கேக்கறேன்" என்று சண்டை போட்டவர் இவர்.

பின்னிய பொருள் நன்றாகவே உழைக்கும். ஈரம் இழுக்காது, செல்லரிக்காது. வெயில்தான் ஆகாது. மொட்டை மாடியில் விட்டுவைத்தால் நாளாவட்டத்தில் மொடமொடத்துச் செதில் செதிலாக உதிரும். கூட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சூடும் ஆகாது. இந்த பாலித்தீன் 130 டிகிரி வாக்கில் உருகிவிடும். அப்பளம் பொரித்த வாணலியின் சூடு அதற்கும் மேலே. இவ்வளவும் தெரிந்தவர், கிரகப்பிரவேசத்துக்குப் பரிசாகக் கொண்டுவருவது எதை? பிரிமணையை.

நீட்டினால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். வரவேற்பறைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிடலாம். மறுத்தீர்களோ, அடுத்த முறை கைப்பை பின்னிக்கொண்டு வருவார். அதை மாட்டிக்கொண்டு அவரோடு கோயிலுக்கும் போயாக வேண்டும்.